ஹெலிகாப்டர் என்ற சொல்லை எங்கே பிரிப்பது?

"ஹெலிகாப்டர் என்ற சொல்லின் பொருள் என்ன? ஹெலி என்றால் சூரியன், காப்டர் என்றால் பறக்கும் ஊர்தி என்று பிரித்துப் பொருள் சொல்வது சரிதானா?" என்பது கேள்வி.

சரியன்று. அந்தச் சொல்லில் சூரியன் இல்லை. காப்டர் என்று தனியே ஒரு சொல்லும் முதலில் இருந்ததில்லை. ஆனால் இந்தப் பிழையான பிரிப்பை ஆங்கிலமே ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து பல புதிய சொற்களையும் உண்டாக்கிவிட்டது. என் மகளின் பள்ளிக் குறிப்பேட்டிலும் நீங்கள் எழுதியிருக்கும் இதே விளக்கத்தைக் கண்டபோதுதான் நான் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெலிகாப்டரின் இரண்டு பகுதிகளும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. முதற்பகுதி ஹெலிக்ஸ், அதற்குச் சுருள், முறுக்கு, கொடியின் பற்றுச்சுருள் என்று பொருள். நமக்கு ‘மரம்’ என்ற சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது ‘மரத்தை’, ‘மரத்தின்’ என்று வடிவம் மாறுவதைப் போல, ஹெலிக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லும் உருபேற்கும்போது ‘ஹெலிக்’ என்ற அடிச்சொல்லாக நிற்கும். இரண்டாம் பகுதி ப்தெரோன். அதற்கு இறகு, சிறகு என்று பொருள். இரண்டையும் இடையில் ஓர் ஒகரம் சேர்க்கிறது. ஆகவே சொல்லின் பொருத்து ‘ஹெலிக் - ஒ - ப்தெர்’ என்ற இடங்களில் இருக்கிறது. ‘சுருள்சிறகு’ என்பதே நேர்ப்பொருள். சூரியனைக் குறிக்கும் ‘ஹீலியோஸ்’ முற்றிலும் வேறு சொல். 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது சூரிய ஒளியின் நிறமாலையில் முதலில் தென்பட்ட ஹீலியம் அந்தச் சூரியனின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஹெலிகாப்டருக்கு உறவு வேண்டுமென்றால், மரபணுவின் இரட்டைச் சுருளைக் குறிக்கும் ‘டபுள் ஹெலிக்ஸ்’, வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான சுருள் வடிவ நுண்ணுயிரி ‘ஹெலிகோபாக்டர்’ ஆகியவற்றிடம்தான் தேட வேண்டும். ஹெலிகோபாக்டர் என்பதை மட்டும் எல்லோரும் சரியான இடத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். பாக்டீரியா என்ற சொல் நமக்கு முன்பே பழக்கம் என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்தச் சொல்லை 1861இல் உருவாக்கியவர் குஸ்தாவ் தெ போந்தோன் தாமெகூர் என்ற பிரெஞ்சுக்காரர். பழங்கால நாணயங்களைச் சேகரித்து ஆராய்ந்தவர் அவர். அத்தகைய ஒருவர் தம் கருவிக்குக் கிரேக்க மொழியில் பெயர் தேடியதில் வியப்பில்லை. நீராவியால் இயங்கும் ஒரு சிறு மாதிரியை, அக்காலத்தில் விலை மிகுந்த புதிய உலோகமாக இருந்த அலுமினியத்தைப் பயன்படுத்தி அவர் செய்து பார்த்தார். அது தரையை விட்டு எழவில்லை. மனிதரை ஏற்றிக்கொண்டு, சொன்னபடி கேட்டுப் பறக்கும் ஹெலிகாப்டர் 1936இல் ஜெர்மனியில் ஃபோக்கெ-வுல்ஃப் 61 என்ற பெயரில் வந்தது. இகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் தம் விஎஸ்-300ஐ முதன்முதலில் தரையிலிருந்து எழுப்பியது 1939இல். பொருள் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே பெயர் பிறந்து காத்திருந்தது என்பது இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தாமெகூரின் நண்பரான கப்ரியேல் தெ லா லாந்தேல்தான் 1863இல், பறவையைக் குறிக்கும் ‘அவிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, இன்று நாம் ஏவியேஷன் என்று சொல்லும் சொல்லையும் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

சுழலும் சிறகுக்கு ஏன் ‘சுருள்’ என்று பெயர் வைக்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். அந்தக் காலத்தில் கப்பல்களைத் தள்ளிக்கொண்டிருந்தது திருகு வடிவச் சுழலி. மரத்துக்குள் திருகாணி இறங்குவதைப் போல அது தண்ணீருக்குள் திருகிக்கொண்டு முன்னேறுகிறது என்று கண்டவர்கள், காற்றிலும் அவ்வாறே திருகி மேலேறலாம் என்று எண்ணினார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் விமானத்தின், கப்பலின் சுழலிக்கு ‘எலிஸ்’ என்றுதான் பெயர். ஒரு ஹெலிகாப்டர் நேராக மேலெழும்போது அதன் சிறகின் நுனியை மட்டும் கண்ணால் தொடர முடியுமானால், அது வட்டமாகச் சுற்றாமல் ஒவ்வொரு சுற்றிலும் சற்று உயர்ந்து, வானத்தில் ஒரு சுருளை வரைந்துகொண்டே போவது தெரியும்.

பிறகு ஏன் ஆங்கிலம் அதைத் தவறான இடத்தில் வெட்டியது? காரணம் அறியாமையன்று, ஒலிப்பு. நமக்கு மொழிமுதல் எழுத்துகளுக்கு வரையறை இருப்பதைப் போல ஆங்கிலத்துக்கும் உண்டு. ‘ப்ட்’ என்ற கூட்டொலியை ஆங்கில நாவால் சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்க இயலாது. அதனால்தான் அதே ப்தெரோனைத் தொடக்கத்தில் கொண்ட ‘டெரோடாக்டில்’ என்ற தொல்விலங்கின் பெயரில் பகரத்தை எழுதிவிட்டு, வாயால் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ‘சிறகுவிரல்’ என்பது அதன் பொருள். ஹெலிகாப்டரில் அந்தப் பகரம் சொல்லின் நடுவில் வருவதால் முந்தைய அசையோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. ஹெ-லி-காப்-டர் என்று அசை பிரிந்தது. காது கேட்ட அசையையே மனம் சொல்லாகக் கொண்டது. அதன் விளைவாக ஹெலிபேட், ஹெலிபோர்ட் ஆகியவை ஒரு பக்கமும், இன்று திருமண வீடுகளில் படம் பிடிக்கும் குவாட்காப்டர் மறு பக்கமும் பிறந்தன. ஈழத் தமிழர் எழுத்தில் உலங்கு வானூர்தி என்று அழகாக எழுதினாலும், பேச்சில் ‘ஹெலி’ என்று சுருக்கிவிடுவதுண்டு. ஹாம்பர்க் என்ற ஊரின் பெயரால் வந்த ஹாம்பர்கரிலிருந்து ‘பர்கர்’ தனியே கிளம்பிச் சீஸ்பர்கர் ஆன கதையும் இதுவே. இவற்றைப் பிழை என்று தள்ள நான் விரும்பவில்லை. பேசுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வெட்டினால் அதுவே அந்த மொழியின் வெட்டு. ஆனால் மூலப் பொருளைச் சொல்லும்போது மட்டும் பழைய பொருத்தைச் சொல்ல வேண்டும்.

சிறகுக்கு வருகிறேன், நம் மொழியோடு உறவு ஏற்படுவது அங்கேதான். ப்தெரோன் பூச்சியியலில் நிறைந்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துவிட்டால் விரலில் மாவு போல ஒட்டுவது அதன் சிறகின் செதில்கள். அதனால் அவ்வினத்துக்கு லெபிடாப்டெரா, அதாவது செதிற்சிறகி, என்று பெயர். ஈயும் கொசுவும் டிப்டெரா, இருசிறகிகள். இதே ப்தெரோனுக்கு வடமொழியில் உள்ள உறவு ‘பத்’ என்ற வேர். அதற்குப் பறத்தல், விழுதல் என்ற இரு பொருளும் உண்டு. அதிலிருந்து வந்த ‘பத்ர’ என்ற சொல் முதலில் பறக்க உதவும் சிறகையும், பின்பு மரத்தின் சிறகான இலையையும், அதன்பின் எழுதப்பட்ட இலையையும் குறித்தது. பனையின் ஓலை மடலாகி, செய்தியைத் தாங்கி, ஓலை என்றாலே கடிதம் என்று நம்மிடம் ஆனதைப் போன்ற பொருள் மாற்றம் இது. சிவன் கோவிலில் வில்வ பத்திரம் என்று சொல்லும்போது அதில் இலை இருக்கிறது. கிரயப் பத்திரம் என்று சொல்லும்போது எழுத்து இருக்கிறது. காலையில் வாசலில் வந்து விழும் பத்திரிகையும் அந்த வழியில் வந்ததே. (‘பத்திரமாகப் போய் வா’ என்பதில் உள்ள பத்திரம் வேறு; நலத்தைக் குறிக்கும் பிறிதொரு வடசொல்லிலிருந்து வந்தது.) பிதா - ஃபாதர் என்பதில் பகரம் ஃபகரமாக நிற்பதைப் போலவே, ஆங்கிலத்தின் ‘ஃபெதர்’ என்ற இறகும் இதே வேரிலிருந்து கிளைத்தது. இறகை முனைசீவி எழுதிய காலத்தை நினைவூட்டும் ‘பென்’னும் இலத்தீன் வழியாக இக்குடும்பத்தையே சேரும்.

பொருள் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று கேட்டால், இன்று ஹெலிகாப்டர் பெயர்ச்சொல்லாக மட்டும் இல்லை. 1969இல் இரண்டு உவமைகள் தோன்றின. ஹைம் கினாட் என்ற உளவியலர், தன் அம்மா ஹெலிகாப்டரைப் போலத் தலைக்கு மேலேயே நிற்கிறார் என்று சொன்ன ஒரு பதின்வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதினார்; பிள்ளைகளை விட்டு நகராத ‘ஹெலிகாப்டர் பெற்றோர்’ அதிலிருந்து வந்தனர். அதே ஆண்டில் பொருளியலர் மில்டன் ஃபிரீட்மன், ஒரு ஹெலிகாப்டர் ஊருக்கு மேலே பறந்து 1000 டாலர் மதிப்புள்ள நோட்டுகளை வீசினால் விலைவாசி என்னவாகும் என்று ஒரு கற்பனைக் கேள்வியை எழுப்பினார். அது ‘ஹெலிகாப்டர் பணம்’ ஆயிற்று. முதல் உவமையில் நகராமல் நிற்கும் ஆற்றலும், இரண்டாவதில் மேலிருந்து எல்லோர்க்கும் பொதுவாக இறக்கும் ஆற்றலும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. சேப்பாக்கத்தில் தோனி ஆடக் கண்டவர்களுக்கு மூன்றாவது ஒன்றை விளக்கத் தேவையில்லை: யார்க்கர் பந்தை மணிக்கட்டின் வேகத்தால் தூக்கியபின் மட்டை தலைக்கு மேலே சுழன்று வருமே, அந்த ஹெலிகாப்டர் ஷாட்டில்தான் பழைய கிரேக்கச் சுருள் கண்ணுக்குத் தெரியும்படி மீண்டிருக்கிறது.

குறிப்பேட்டைத் திருத்தும்போது மகளுக்கு இவ்வளவையும் சொல்ல முடியாது என்பதால், தணக்க மரத்தின் காய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். நம் வறண்ட குன்றுக் காடுகளில் வளரும் மரம் அது, குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ‘பல்பூந் தணக்க’மும் ஒன்று, ஆங்கிலத்தில் அதை ஹெலிகாப்டர் மரம் என்றே சொல்கிறார்கள். காயின் தலையில் காய்ந்த இலையைப் போன்ற நீண்ட சிறகுகள் இரண்டு இருக்கும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று அவள் அதை விட்டாள். ஒரு முழம் கல்லைப் போல விழுந்து, பிறகு திடீரென்று சுழலத் தொடங்கி, வேகம் தணிந்து, பறக்கிறதா விழுகிறதா என்று சொல்ல இயலாதபடி சிறகின் இரு நுனிகளாலும் சுருள் வரைந்துகொண்டே அது கீழே இறங்கிற்று.