கூலியும் கைதட்டலும்

அன்புள்ள ஐயா,

என் நாவல் வெளிவந்து ஒன்றரை ஆண்டாகிறது. ஒரு மதிப்புரைகூட வரவில்லை. வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. சுசீந்திரம் இசைத்தூண்களைச் செதுக்கிய சிற்பி எதையும் எதிர்பாராமல்தானே செதுக்கினான், அவனைப்போல நானும் பலன் கருதாமல் எழுதப் பழக வேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். இதற்கிடையே தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுத அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதைப் பற்றிய புலம்பலை முதலில் ஒதுக்கிவிடுவோம். 1876இல் தேரூரில் பிறந்த கவிமணியின் பாடல்கள் ‘மலரும் மாலையும்’ என்று நூலாக வந்த 1938இல் அவர் அறுபதைத் தாண்டி, ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வும் பெற்றிருந்தார். மதிப்புரை வராததும் பெரிய விஷயமில்லை. வந்திருந்தால் அதைப் பற்றியும் எனக்கு ஒரு குறைக்கடிதம் எழுதியிருப்பீர்கள்.

என்னைச் சீண்டியது அந்தச் சிற்பிதான். அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அங்கே பணிசெய்தோருக்கு ஏற்படுத்திய பங்குகளை வரிசையாகச் சொல்கிறது. தச்சருக்கும் தையற்காரருக்கும் நாவிதருக்கும்கூட அதில் இடமுண்டு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரே கல்லில் இருக்கிறது. இன்றைக்கு மயிலாடியின் கற்சிற்பப் பட்டறைகளில் போய், கூலி வேண்டாம், பலன் கருதாமல் ஒரு பிள்ளையார் செய்து தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். உழைத்தவனைத் துறவியாக்கிக் கும்பிடுவது அவனுடைய கூலியைப் பேசாமல் நழுவுவதற்கு நாம் கண்ட வசதியான வழி. எழுத்தாளனிடம் இலவசமாகக் கட்டுரை கேட்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நீங்களோ அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பான பூமுகத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? 90 பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். கழுத்து வலிக்க நின்று நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருபதைத் திரும்ப அப்படியே செதுக்கியிருந்தாலும் எந்த அரசரும் கவனித்திருக்க மாட்டார், கூலியும் குறைந்திருக்காது. பக்கத்தில் உளி பிடித்திருந்த இன்னோர் ஆசாரி கவனித்திருப்பார்.

எங்கள் வீட்டு அயனிமரக் கதவைப் பழுதுபார்க்க வந்த ஆசாரி ஒருவர், அதைக் கழற்றிச் சாய்த்துவைத்து, நிலையோடு ஒட்டி நின்று யார் கண்ணிலும் படாத விளிம்பில் பெருவிரலை ஓட்டினார். அங்கும் வழுவழுவென்று இழைத்திருந்தது. வந்த வேலையை விட்டுவிட்டு, “இது ஆரு செஞ்ச வேலை?” என்று அப்பாவிடம் கேட்டார். செய்தவர் அதற்கு வெகுகாலம் முன்பே காலமாகியிருந்தார். இப்படி ஒரு கேள்வியை மனத்தில் வைத்து உழைப்பதை எதிர்பார்ப்பில்லாத உழைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிய பேராசை கிடையாது. கைதட்டலுக்கு ஏங்குகிறவர்களுக்கு இந்தப் பேராசைப்படும் துணிச்சல்தான் இல்லை.

தொடருக்குத் தாராளமாகப் போங்கள், சம்பளத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் நாவலை நான் வாசித்துவிட்டேன். குளச்சல் மீனவரும் தோவாளைப் பூவியாபாரியும் நாகர்கோவில் வக்கீலும் அதில் ஒரே தமிழ் பேசுகிறார்கள். மார்த்தாண்டத்துக்காரரான உங்கள் காதில் இந்த வேறுபாடு விழாமல் இருக்க வழியில்லை. சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மறுபதிப்பு வருமா என்று யோசித்துக்கொண்டிராமல் அந்த அத்தியாயங்களைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள்.