வெயிலில் மகள் வாந்தி எடுத்தாள், இனிக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை டவுனில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து மாதம். போன கிழமை சொந்தக்காரரோடு வான் பிடித்து நிலாவெளிக்குப் போனோம். காலை பத்து மணிக்குப் போய்ப் பின்னேரம் மூன்று மணி வரை நின்றோம். மகள் தண்ணீரை விட்டு வெளியே வரவே இல்லை. திரும்பும்போது தலையிடி என்றாள், வானுக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், உடம்பு சுட்டது. பனடோல் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து குளிக்க வார்த்துப் படுக்க வைத்தோம். இரவே சரியாகிவிட்டது. வெயில் காய்ச்சல் என்கிறார் மாமி. சித்திரை விடுமுறைக்குக் கன்னியா, கோணேஸ்வரம், புறாத்தீவு எல்லாம் போவதாகப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். போகலாமா? சின்னவனையும் கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். போகிற நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

மகளுக்கு வந்தது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெப்பக் களைப்பு. அது காய்ச்சல் இல்லை. உடம்பு சுட்டால் எல்லாம் காய்ச்சல்தானே என்று மாமி நினைப்பதில் பிழையில்லை, ஆனால் இரண்டும் வேறு. கிருமி வந்தால் மூளையே உடம்பின் சூட்டைக் கூட்டி வைக்கிறது. பனடோல் வேலை செய்வது அங்கேதான். வெயிலில் அப்படி இல்லை. உள்ளே சேர்ந்த சூட்டை வெளியே தள்ள உடம்பால் முடியாமல் போகிறது. அந்தச் சூட்டைப் பனடோல் குறைக்காது. அன்று மகளைத் தேற்றியது நீங்கள் வார்த்த தண்ணீர்தான்.

கடலுக்குள் நின்ற பிள்ளைக்கு எப்படி வெயில் அடித்தது என்று நீங்கள் யோசிக்கலாம். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் வெளிச் சூட்டை வேகமாக வாங்கும். பெரியவர்களைப் போல வியர்ப்பதும் இல்லை. அதோடு ஓடுவதும் குதிப்பதும் உள்ளேயும் சூட்டை உண்டாக்குகின்றன. கடல் செய்கிற வேலை இன்னொன்று: தோல் ஈரமாக, குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது. வியர்ப்பது பிள்ளைக்கும் தெரியாது, கரையில் இருந்து பார்க்கிற உங்களுக்கும் தெரியாது. தலையும் தோளும் ஐந்து மணி நேரம் வெயிலில்தான் இருந்தன.

ஆகவே 'தண்ணி வேணுமா?' என்று கேட்காதீர்கள். விளையாடுகிற பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்லும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கரைக்குக் கூப்பிட்டு நாலு மிடறு குடிக்க வையுங்கள். கடைசியாக எப்போது சலம் போனாள் என்று நினைவில் வைத்திருங்கள். நாலைந்து மணி நேரமாகப் போகவில்லை, அல்லது போனது கடும் மஞ்சளாக இருக்கிறது என்றால், அன்றைய விளையாட்டு போதும்.

நேரத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு மேலே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நடுப்பகல் 12 மணி தாண்டியதும் உங்கள் நிழல் காலடிக்குள் போய்விடும். ஊர் முழுவதும் விடுமுறைக்குக் கிளம்புவதும் அதே நாட்களில்தான்! நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பின்னேரம் நாலு மணிக்குப் போவதே நல்லது என்பேன். நமது கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் வெயில் கடல் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். பின்னேரம் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்குவதால் மர நிழல் மணலில் கடலை நோக்கி நீளும். காலைதான் வசதி என்றால் விடிந்தவுடன் போய் ஒன்பதரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கிவிட்டால், அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். அனல் மட்டும் இல்லை, ரியூபில் மிதக்கிற பிள்ளையை அது வெளியே இழுத்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் ரியூபை வானுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

கோணேஸ்வரத்தில் எனக்குப் பயம் பாதத்தைப் பற்றியது. மத்தியானம் கல்லும் சீமெந்தும் கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற பிள்ளையின் உள்ளங்கால் கொப்பளித்துவிடும். காலைப் பூசைக்குப் போங்கள். கோயில் இருக்கிற கோட்டைக்குள் மானுக்குத் தீனி கொடுத்தால் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் காலையே சரி. உடம்பு ஏற்கெனவே சுடுகிற மத்தியானத்தில் அதன் மேல் வெந்நீரை வாளி வாளியாக ஊற்றுவதில் அர்த்தமில்லை. ஏழு கிணற்றிலும் சூடு ஒரே அளவு இல்லை, முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். புறாத்தீவுக்கு முதல் படகில் போய் வெயில் ஏறும் முன் திரும்புங்கள். பிள்ளையின் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். தண்ணீர் எல்லாம் கரையிலிருந்தே கொண்டு போக வேண்டும்.

சின்னவனைத் தீவுக்குக் கொண்டு போக வேண்டாம். மற்ற இடங்களுக்குக் காலையிலோ பின்னேரமோ நிழலில் வைத்துக்கொண்டு போகலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. வெயில் என்று யாராவது கரண்டியால் பருக்க வந்தால் மெதுவாகத் தடுத்துவிட்டு, தாய்ப்பாலை வழக்கத்தை விட அடிக்கடி கொடுங்கள், நீங்களும் நன்றாகக் குடியுங்கள். இந்த வயதில் சன் கிரீம் பூசுவதை விட மெல்லிய பருத்திச் சட்டையும் தொப்பியும் நிழலும் நல்லது. தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீர்கள், உள்ளே காற்று ஓடாது. நிறுத்திய வாகனத்துக்குள் தூங்குகிற பிள்ளையை ஐந்து நிமிடம் கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 பாகை செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாந்திக்கு அதுவும் காரணமாகலாம். விடியற்காலையில் கட்டிய சோற்றுப் பார்சல், அதுவும் தேங்காய்ப்பால் கறியோடு, மதியம் வரை வானுக்குள் கிடந்தால் கிருமி பெருகிவிடும். ரொட்டி, பணிஸ், வாழைப்பழம், தோடம்பழம், முழுதாகக் கொண்டு போய் அங்கே வெட்டுகிற வத்தகப்பழம் போதும். குடிக்கத் தண்ணீரும் இளநீரும். சோடா வகைகள் வேண்டாம். ஜீவனி, அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிற தூள், இரண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும், வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் உதவும். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல.

மறுபடியும் தலையிடி, ஓங்காளம், சோர்வு என்றால் நிழலுக்குக் கொண்டு வந்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். சிறு சிறு மிடறாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிவு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேச்சுத் தடுமாறுகிறது, ஆளைத் தெரியவில்லை, தள்ளாடுகிறாள், வலிப்பு, மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அது வெப்பத் தாக்கம், உயிருக்கு ஆபத்து. தோல் வியர்த்திருந்தாலும் சரி, காய்ந்திருந்தாலும் சரி. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். வானில் ஏற்றினாலும் வழி முழுக்க ஈரத்துணியும் விசிறலும் நிற்கக் கூடாது.

கடைசியாக, மாமியின் வெயில் காய்ச்சலுக்குத் திரும்ப வேண்டும். வெயிலால் வந்த சூடு, உடம்பைக் குளிர்வித்தால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், உங்கள் மகளுக்கு நடந்தது போல. அடுத்த நாளும் சுட்டால் அது வெயில் இல்லை. நமது ஊரில் டெங்கு இருக்கிறது. அப்போது பனடோல் எடைக்கேற்ற அளவில் மட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. புருபன், டைக்ளோபெனக் போன்ற வலி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதித்துவிடுங்கள்.