மலேசியாவின் செபாங் பந்தயப் பாதையில் மூன்றாவது சுற்றிலேயே பிரேக் மிதி அமுங்கிவிடுகிறதே, ஏன்?

டர்போ மாற்றிய வண்டி சிங்கப்பூர்ச் சாலையில் ஒழுங்காக நிற்கிறது, செபாங்கில் மட்டும் மிதி தரைவரை போகிறது என்கிறீர்கள். முதலில் பிரேக் எண்ணெயைப் பாருங்கள். புதிய டாட் 4 வகை எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய் 155-லேயே கொதிக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். மிதிக்கும்போது குமிழ்தான் நசுங்கும், பிரேக் பேட் சக்கரத்தோடு சுழலும் வட்டை (டிஸ்க்கை) அழுத்தாது.

எக்ஸ்பிரஸ்வேயில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது இது தெரியாது. 5.543 கிலோமீட்டர் செபாங்கிலோ இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரண்டின் முடிவிலும் கடும் பிரேக்.

நானும் முதலில் குதிரைசக்திக்கே காசைக் கொட்டினேன். பேடை அழுத்தும் காலிப்பரிலிருந்து டீ நிறத்தில் எண்ணெய் வடிந்தபோதுதான் புத்தி வந்தது. எண்ணெயை மாற்றி, பந்தயப் பாதைச் சூட்டைத் தாங்கும் டிராக் பேட் போடுங்கள். மூன்று சுற்றுக்கொரு முறை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்.