எஃப்எம்மில் நம் ஊரணியைப் பேசலாமா?

கேள்வி: எங்கள் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது. எஃப்எம்மில் நாள் முழுக்கப் பாட்டுத்தான். இதையெல்லாம் பேசவே கூடாதா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாகப் பேசலாம் ஆச்சி. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். இந்தத் தடையே எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விஷயம். ஆனால் குடிநீர், மின்சாரம், போக்குவரத்து பற்றிய உள்ளூர்த் தகவல் செய்திக் கணக்கில் வராது.

இதற்குப் பொருத்தமானது சமுதாய வானொலி, அதாவது லாப நோக்கமில்லாமல் ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையம். 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் உண்டு. நிகழ்ச்சிகளில் 50 சதவீதமாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி. ஒலிபரப்புச் சக்தி 100 வாட்தான் என்றாலும், காரைக்குடியில் ஒன்று இருந்தால் கோட்டையூர், பள்ளத்தூர் வரை கேட்கும்.

1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியை எங்கள் ஐயா திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். உரத்தின் பெயர், அளவு எல்லாம் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏறிவிடும். நம் ஊர் விஷயம் பேசினால் ஜனங்கள் காது கொடுப்பார்கள்.

நிலையத்துக்கு எழுதும்போது வெறும் புகாராக எழுதாதீர்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் அடைப்பு, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், அந்த ஊரணியில் தண்ணீர் எடுத்த பெரியவர்கள் இரண்டு பேரையாவது பேசச் சம்மதிக்க வையுங்கள்.