லண்டன் ராகுவும் கும்பகோணம் காலண்டரும்

கேள்வி: லண்டனில் வீடு வாங்கியிருக்கும் என் மகன், ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சுகிறான். நம் காலண்டரில் அது ராகு காலம். அவனுடைய ஆப் அப்படியில்லை என்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆப்பை. காலண்டரில் அச்சான 4.30–6, ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் சமர்த்துச் சூரியனுக்கான கணக்கு. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாக்கினால் ஒரு பங்கு ராகு காலம். ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அதில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை: ‘தி’ என்ற திங்களுக்கு இரண்டாம் பங்கு, ‘ச’ என்ற சனிக்கு மூன்றாம் பங்கு என்று வரிசையாகப் போய் ஞாயிறுக்கு எட்டாவது. ஜூன் 21-ஐ ஒட்டி லண்டனில் உதயம் 4.43, அஸ்தமனம் இரவு 9.21. பங்குக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம். ஆக, ராகு வருவது இரவு 7.16-க்கு. டிசம்பர் கடைசியில் மூன்றுக்குச் சற்று முன் வந்து நாலுக்குள் கிளம்பிவிடுவார். குளிர்காலத்தில் அவருக்கும் அங்கே அரை நாள் டியூட்டிதான்.

ஆப்பில் ஊர் லண்டன் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சென்னை என்று இருந்தால் வம்பு. நம் நேரத்திலிருந்து மணியைக் கழித்துச் சொல்வதும் தப்பு. திதி, நட்சத்திரத்துக்குக் கழிக்கலாம் (கோடையில் நாலரை மணி, குளிரில் ஐந்தரை). அவை உலகம் முழுக்க ஒரே நொடியில் மாறுபவை. ராகு காலம் உள்ளூர்ச் சூரியனைச் சேர்ந்தது.

வாக்கியமா, திருக்கணிதமா என்று இரண்டு பஞ்சாங்கக் கணக்குகளுக்குள் நடக்கும் சண்டை இதில் இல்லை. அது சனிப்பெயர்ச்சிக்கு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-லேயே மீனத்துக்குக் குடிபோனவரை, வாக்கியக்காரர்கள் 2026 மார்ச் 6 வரை கும்பத்திலேயே உட்கார வைத்தார்கள். பதினோரு மாதம் இரண்டு வீட்டு வாடகை! சனீஸ்வரனுக்கே ஏழரை.

அது கிடக்கட்டும், நமக்குக் கவலை அந்தப் பால். மகன் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் நீங்கள் கொடுத்தனுப்பும் பித்தளைப் பாத்திரம் சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் வேண்டும். அதிலும் பால் பொங்கித் தொடு பட்டனில் வழிந்தால் அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். சிறிய பாத்திரம், முக்கால் அளவு பால், பின்பக்க அடுப்பு, அடியில் விளிம்புள்ள தட்டு வைக்காமல் ஓரமாக ஒரு துணி. சாம்பிராணியைப் புகை அலாரத்துக்குக் கீழே காட்ட வேண்டாம். கிழக்கே பொங்குகிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிடுவார்கள்.