ஆங்கில வகுப்புக்கு எதை வாங்குவது?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள்; வீட்டில் ஆங்கிலம் காதில் விழும் சூழல் யாருக்கும் இல்லை. கற்பித்தல் பொருள்கள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் கழகம் 6,000 ரூபாய் ஒதுக்கியுள்ளது. 300 மின்னட்டைகள் (படமும் சொல்லும் அச்சிட்ட ஃபிளாஷ் கார்டுகள்), தொட்டால் ஒலிக்கும் பேசும் பேனா, ஓராண்டுச் செயலிச் சந்தா எல்லாம் அடங்கிய பெட்டியை 5,900 ரூபாய்க்குத் தருவதாக ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பேசும் பேனா வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒரு குழந்தைக்கு ஏற்ற பொருள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அதைத் தொட்டுக் கேட்கும் நேரத்தில் மற்ற 37 பேரும் சும்மா இருக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஆங்கிலத்தைக் கேட்கும் வாய்ப்போடு, வாய் திறந்து பேசியே தீர வேண்டிய ஒரு தேவையும் வகுப்பிலேயே உண்டாக வேண்டும். அதை உண்டாக்கும் பொருளுக்குத்தான் பணம் செலவிட வேண்டும்.

ஒரு சந்தைக் காட்சியை இரண்டு தாள்களில் சிறு வேறுபாடுகளோடு வரையுங்கள். ஒன்றில் கூடையில் மூன்று மாம்பழங்கள், மற்றதில் ஐந்து. ஒன்றில் நாய் வண்டிக்கு அடியில், மற்றதில் வண்டிக்கு மேல். பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைத்து, அடுத்தவர் தாளைப் பார்க்காமல், ‘ஹவ் மெனி மேங்கோஸ்?’, ‘வேர் இஸ் த டாக்?’ என்று கேட்டே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 19 இணைகளும் ஒரே நேரத்தில் பேசும். சத்தம் கூடும், அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும். செலவு 38 ஜெராக்ஸ் பிரதிகள் மட்டுமே.

இன்னொன்றையும் பிரதிநிதியிடம் கேளுங்கள். குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே வரும். குரல் அதிராத ஒலிக்கும் அதிரும் ஒலிக்கும் நம் எழுத்தில் ஒரே ‘ப’தான். நம் பிள்ளைகள் தடுமாறும் இத்தகைய இணைகள் அந்த 300 அட்டைகளில் எத்தனை இருக்கின்றன? இல்லையென்றால் நீங்களே படம் வரைந்து, நீங்கள் சொல்லும் சொல்லுக்குரிய அட்டையைப் பிள்ளைகள் உயர்த்திக் காட்டும்படி செய்யலாம்.

அட்டை வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஒன்றைக் கரும்பலகை அருகே பிடித்துக்கொண்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஏ4 தாளில் கால் பங்கு அளவுள்ள அட்டை இவ்வளவு பெரிய வகுப்புக்குப் போதாது. அரைத் தாள் அளவாவது வேண்டும். பொட்டலத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவையும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி.

மீதிப் பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள். பத்துத் தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வாங்குவதைவிட, ஒரே கதையில் பத்துப் பிரதிகள் வாங்கினால் நான்கு பேருக்கு ஒரு புத்தகம் என்று எல்லோரும் சேர்ந்து படிக்க முடியும். குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவை திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களை விடாமல் தாராளமாக அச்சிட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: மகளுக்காக ஓர் ஆங்கிலச் செயலியில் ஏழு நாள் இலவசப் பயிற்சியில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை என்று செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் மாதந்தோறும் 499 ரூபாய் பிடிக்கப்படுகிறது. என்ன செய்வது?

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்கிவிடாது. பணம் செலுத்த எதைப் பயன்படுத்தினீர்களோ அந்த யு.பி.ஐ. செயலியிலோ வங்கிக் கணக்கிலோ ‘ஆட்டோபே’ பகுதிக்குச் சென்று, அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இத்தகைய தானியங்கிப் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வந்ததா என்று குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் ‘சந்தாப் பொறி’யை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

பிடித்த தொகையைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசினால் பின்னால் காட்டச் சான்று இருக்காது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக் கட்டணம் கிடையாது.