கண்காணிப்புக் கேமராவைக் கணினியிடமிருந்து பிரிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கேமரா படம்தானே பிடிக்கிறது, ஐயா? அதை ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

பதில்: அதுவும் ஒரு கணினிதான், பெரும்பாலானவற்றுள் லினக்ஸ் ஓடுகிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டிகள்) லட்சக்கணக்கில் பிடித்தது. அறுபது சொச்சம் கடவுச்சொற்களே அதற்குப் போதுமாக இருந்தன. அப்படி ஒரு கேமராவுக்குள் புகுந்தவன், அதே நெட்வொர்க்கில் நீங்கள் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியையும் தட்டிப் பார்ப்பான்.

கேள்வி: வீட்டில் நான்கு வைஃபை கேமராக்கள். எளிய வழி உண்டா?

பதில்: அவற்றைக் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபை) சேருங்கள். உள் நெட்வொர்க்கை அணுக அனுமதிக்கும் அமைப்பு ரவுட்டரில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு கைபேசியை கெஸ்டில் இணைத்து, வீட்டுப் பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. பிங் சோதனையை (ஒரு கருவி பதில் சொல்கிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பது) நம்பாதீர்கள். விண்டோஸ் பல நேரங்களில் பிங்குக்குப் பதிலே சொல்லாது.

கேள்வி: பழைய ரவுட்டரைப் புதியதன் பின்னால் மாட்டி, கேமராக்களை அதில் போடலாமா?

பதில்: கூடாது! பலரும் சறுக்கும் இடம் இதுதான். பின் ரவுட்டரில் இருக்கும் கருவி முன் ரவுட்டரில் உள்ளவற்றைத் தாராளமாக எட்டும், எதிர்த்திசைதான் அடைபடும். ஆகவே கேமராக்கள் முன்னால், கணினிகள் பின்னால். கேபிளைப் பின் ரவுட்டரின் வான் (இணையம் உள்ளே வரும்) துளையில் செருகுங்கள். லான் (உள் நெட்வொர்க்) துளையில் செருகினால் எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும். முன் ரவுட்டரின் முகவரிகள் 192.168.1.x என்றால் பின்னதற்கு 192.168.50.x கொடுங்கள்.

கேள்வி: கடையில் 16 கேமராக்களும், அவற்றின் படங்களை நெட்வொர்க் வழியே பதியும் என்விஆரும் இருக்கின்றன. கேமராக்களுக்கும் கணினிகளுக்கும் தனித்தனி விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரித்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. ஃபயர்வால் விதி (எது எங்கே போகலாம் என்ற கட்டுப்பாடு) எழுதாவிட்டால் பல ரவுட்டர்கள் இரண்டு விஎல்ஏஎன்களுக்கும் நடுவே தாமே வழி விடும். கணினி என்விஆரைக் கூப்பிடலாம். கேமரா பக்கத்திலிருந்து எந்த இணைப்பும் தொடங்கக் கூடாது, இணையத்துக்கும்கூட. நேரத்தை மட்டும் ரவுட்டரிடமிருந்து என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக எடுக்க விடுங்கள். கடிகாரம் பிசகிய பதிவைக் காவல் நிலையத்தில் காட்டி விளக்குவது பெரும்பாடு.

கேள்வி: வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) அமைத்து அதன் வழியே பாருங்கள். கருவிகள் தாமே போர்ட் திறக்க உதவும் யுபிஎன்பி-யை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும்.

கேள்வி: தெருவாசல் கேமராவின் கேபிளைக் கழற்றி யாராவது லேப்டாப்பைச் செருகினால்?

பதில்: மேலே சொன்ன விதிகள் இருந்தால் கணினிப் பக்கம் வர முடியாது. மற்ற கேமராக்களை எட்டாமலிருக்க, சுவிட்சில் போர்ட் ஐசொலேஷனையும் (ஒரு துளையில் இருப்பது மற்ற துளையில் இருப்பதை எட்டாமல் தடுக்கும் அமைப்பு) இயக்குங்கள்.